கழுவாத வண்டி

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நான்கு வருடம் இரண்டு பெரிய வண்டிகள் நின்றன. இரண்டுமே ஏழு பேர் உட்காரக்கூடியவை. வீட்டில் இருந்ததோ நானும் என் மனைவியும் மட்டும். மகள் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். சைக்கிள் நிறுத்துவதற்காகக் கட்டிய வாசல் அது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக முடியும். பிளாக்கில் எல்லோரும் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எதுக்கு சார் ரெண்டு வண்டி? ரெண்டுல எது சார் நல்ல வண்டி? முதல் கேள்விக்கு மழுப்புவேன். இரண்டாவது கேள்விக்கு டீ ஆறிப்போகும் வரை பதில் சொல்வேன்.

பழையது வெள்ளை நிறம், டீசல். லாரிக்குப் போடுவது மாதிரி கனமான அடிச்சட்டத்தின் மேல் உடம்பைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஏறுவதற்குப் படி உண்டு. மூட்டு வலி உள்ளவர்கள் அதையும் திட்டிக்கொண்டேதான் ஏறுவார்கள். கிளட்ச் இரும்பு. மந்தாரக்குப்பம் பக்கம் பள்ளத்தில் விட்டு எடுத்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் நடுவரிசையில் இருப்பவர்களின் தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும். மூன்றாவது வரிசை ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பெஞ்சுகள். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கொண்டே வரலாம், வாந்தியும் எடுக்கலாம்.

புதியது கருநீலம். கியர் தானாக மாறும். முன்னால் சின்ன டிவி அளவு திரை. ஒரு பெண் வழி சொல்வாள். ரிவர்ஸ் எடுத்தால் வண்டியை மேலே இருந்து பார்ப்பது போல படம் காட்டும். பள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. கூரையில் கண்ணாடி ஜன்னல் உண்டு. நெய்வேலியில் கூரையைத் திறந்தால் சாம்பல்தான் உள்ளே வரும், அதனால் வாங்கிய நாளிலிருந்து அதை இரண்டு தரம்கூடத் திறக்கவில்லை. மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் ஒரு பலாப்பழம் வைக்க இடமிருக்காது. பண்ருட்டிப் பக்கம் இருந்துகொண்டு பலாப்பழம் வைக்க இடமில்லாத வண்டி வாங்குகிறவன் என்னைப் போல ஒருவனாகத்தான் இருப்பான்.

மற்றபடி எல்லாவற்றிலும் புதியதுதான் ஒசத்தி. இதை யார் கேட்டாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது மைலேஜ் கதை அல்ல. பழைய வண்டியில் ஒரு சாமி இருந்தாள். தெரியாமல் நான் அவளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். தெரிந்த பிறகு அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். நிலக்கரியைத் தொடுவது எங்கள் வேலை அல்ல. கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அள்ளி, பெல்ட்டில் போட்டு, மைல் கணக்கில் கடத்தி, வேறொரு இடத்தில் மலையாகக் கொட்டும் பகுதி எங்களுடையது. ஒரு ஷிப்ட்டில் எவ்வளவு மண் நகர்ந்தது என்பதுதான் எங்களுக்கு நல்ல நாள் கெட்ட நாள். மண் என்றால் எனக்கு பெல்ட்டைக் கிழிப்பது, ரோலரில் ஒட்டிக்கொள்வது, மழையில் வழுக்குவது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

பழைய வண்டியை ஆறு வருடங்களுக்கு முன்பு வாங்கினேன். விற்றவர் சுரங்கத்தின் தெற்கு ஓரத்தில் இருந்த ஒரு ஊர்க்காரர். இருந்த ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அங்கே ஊர் இல்லை, பள்ளம் இருக்கிறது. நிலம் எடுத்தபோது கிடைத்த பணத்தில் அவர் வாங்கிய வண்டி அது. ஆறேழு மாதம்தான் ஓட்டியிருந்தார். பிறகு குடலில் ஏதோ கட்டி என்று கடலூரில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவருடைய மகன்தான் அவசரமாக வண்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அப்போது அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

வாங்கிய பத்தாம் நாள் ஜாக்கி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பின்னால் இடப்பக்க பெஞ்சைத் தூக்கினேன். அடியில் ஜாக்கிக்கான பள்ளம். ஜாக்கிக்குப் பக்கத்தில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு மூட்டை, தேங்காய் அளவில். என் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏங்க, தொடாதீங்க. யாரோ மந்திரிச்சு வச்சிருக்காங்க. வித்தவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க.”

“கேட்டு? ஆமா, ஒரு கிலோ மண்ணு மறந்துட்டோம், கூரியர்ல அனுப்புங்கன்னு சொல்வாங்களா?”

மூட்டையைத் தூக்கினேன். துணி இற்றுப்போயிருந்தது. கையோடு கிழிந்து, உள்ளே இருந்த கரிய மண் கட்டிகட்டியாகக் கார்பெட்டிலும் பெஞ்சின் தண்டவாளத்திலும் பள்ளத்திலும் சிதறியது. எனக்குக் கோபம்தான் வந்தது. நேராக வாட்டர் வாஷுக்கு ஓட்டிப்போனேன். பின்பக்கக் கார்பெட்டைக் கழற்றி உள்ளேயும் நன்றாக அடிக்கச் சொன்னேன். பீய்ச்சிய தண்ணீர் பின்கதவு வழியாகக் கறுப்பாக இறங்கி, சிமென்ட் தரையில் ஓடி, சாக்கடைக்குப் போனது. வண்டி சுத்தமாகிவிட்ட திருப்தியில் நின்று அதைப் பார்த்தேன். அந்தக் கறுப்புத் தண்ணீரை அப்புறம் நான் பார்க்காத நாளே கிடையாது.

பிடிமண் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நான் தெற்கத்திக்காரன். குலசாமி இருந்த இடத்தை விட்டுப் போகிறவர்கள் அந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். அந்த மண்ணில் சாமி வருவாள். புது இடத்தில் அதை வைத்தால்தான் அவள் அங்கே இருப்பாள். எங்கள் தாத்தா காலத்தில் அப்படிக் கொண்டுவந்த கோயில் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறது. தலையில் சுமந்து, மேளம் அடித்துக் கொண்டுவருவார்கள். ஜாக்கிக்குப் பக்கத்தில் வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தார். ஒல்லியாக, வயிற்றில் கை வைத்துக்கொண்டு, சட்டை தொளதொளவென்று. கேட்டுக்கு வெளியிலேயே செருப்பை விட்டார். நான் அவரை வண்டியின் முந்தைய சொந்தக்காரர் என்று புரிந்துகொள்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

“சார், வண்டில எங்க ஆத்தா இருக்கா.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஊரைக் காலி பண்ணினபோது கோயிலிலிருந்து பிடிமண் எடுத்தார்கள். புது காலனியில் கோயிலுக்கு இடம் முடிவாகவில்லை. “அவ துடியானவ சார். வூட்டுக்குள்ள வச்சிக்கினு இருக்கக் கூடாது, தீட்டு கீட்டு படும். அதான் வண்டிலயே வச்சிருந்தேன். நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப பையன் தெரியாத குடுத்துட்டான். இப்ப எடம் குடுத்துட்டாங்க. நாளான்னிக்கு அவள வைக்கிறோம்.” வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “மூட்ட இருக்குதுங்களா சார்?”

ஒரு வார்த்தை. இல்லை, தெரியாமல் போய்விட்டது, மன்னித்துவிடுங்கள். அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய மனைவி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். பக்கத்தில் அவர்கள் மகள், இருபத்து நான்கு வயதிருக்கும். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த இடத்தில் திரும்பப் போய் இன்னொரு பிடி எடுக்க முடியாது. அந்த இடம் காற்றாக இருக்கிறது. அதைக் காற்றாக்கியதில் என் பெல்ட்டுக்கும் பங்கு உண்டு.

“பத்திரமா இருக்கு அண்ணே. டூட்டி இடத்துல அலமாரில வச்சிருக்கேன்” என்றேன்.

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அவர் மனைவி அழுதுவிட்டாள்.

மறுநாள் ஷிப்ட்டில் மண்மேட்டுக்குப் போனேன். எந்த ஊர்ப் பக்கத்து மண் எந்த பெல்ட்டில் வந்து எந்த மேட்டில் விழுந்தது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஊர் மேல்மண் அந்த மேட்டில்தான் எங்கோ இருக்கிறது, ஆகவே இதுவும் அதே மண்தான் என்று என் மனசுக்குக் கணக்குச் சொன்னேன். கறுப்பாகத் தெரிந்த இடத்தில் ஒரு பிடி அள்ளினேன். வீட்டில் புது மஞ்சள் துணியைத் தரையில் போட்டு, செருப்புக் காலால் தேய்த்துப் பழசாக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் என் மனைவி அடுப்படி வாசலில் நிற்கிறாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

காலனியில் தகரக் கொட்டகை போட்டு, நடுவில் ஒரு கல்லை நட்டிருந்தார்கள். கல்லுக்கு முன்னால் அவரே பூசாரியாக உட்கார்ந்தார். மூட்டையைப் பிரித்தார். மண்ணில் மஞ்சள் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருண்டையாகப் பிடித்து, கல்லடியில் வைக்க வேண்டும். பிடித்தார், உதிர்ந்தது. திரும்பப் பிசைந்தார், திரும்ப உதிர்ந்தது. உள்ளங்கையில் மண்ணை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஊர் மொத்தமும் நின்றது. பிறகு அவர் மஞ்சள்தூளை அள்ளிக் கொட்டி, அழுத்திப் பிடித்து, வைத்துவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள்.

உடனே அவர் மனைவி ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். சிவப்புத் துண்டு, எலுமிச்சம்பழம், பூ. “மொத மருவாதி சாருக்குத்தான். ஆத்தாள காப்பாத்தி வச்சிருந்து குடுத்தவரு” என்றாள். என் தலையில் துண்டைக் கட்டினார்கள். கட்டியவர் அவர்தான். கை நடுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் எனக்கு அழைப்பு வந்தது. போகாமல் இருக்க முடியவில்லை. போனால் முதல் மரியாதை. தலைகுனிந்து அந்தத் துண்டைக் கட்டிக்கொள்ளும்போது என் கழுத்து கூசும். ஷிப்ட் போட்டுக்கொண்டு ஒரு வருடம் தப்பிக்கப் பார்த்தேன். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு சுரங்க கேட்டிலேயே வந்து காத்திருந்து கூட்டிப்போனார்கள்.

அங்கே நடந்த ஒரு விஷயம்தான் என்னை உண்மையில் வதைத்தது. அவர்கள் வீட்டில் பெண்ணைக் கொடுப்பது எடுப்பது எதுவும் ஆத்தாளிடம் பூக் கேட்காமல் நடக்காது. கல்லின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார்கள். வலப்பக்கம் முதலில் விழுந்தால் சரி. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். இரண்டும் விழாமல் நின்றால் அவள் பேசவில்லை என்று பொருள். பேசாமல் இருந்தால் காத்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நல்ல நல்ல வரன்கள் வந்தன. நான்கு தரம் பூக் கேட்டார்கள், அதில் இரண்டு தரம் நானும் இருந்தேன். நான்கு தரமும் பூ அசையவில்லை. வந்த மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு நாள் காத்திருப்பார்கள்? அவரவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு முப்பது வயதாகிவிட்டது. “ஆத்தா புது எடத்துல இன்னும் கண்ணு தொறக்கல” என்று அவள் அம்மா என்னிடமே வந்து வருத்தப்படுவாள். நான் “எல்லாம் நடக்கும்மா” என்பேன்.

இதற்கிடையில் பழைய வண்டியில் உட்காரமாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். முன்சீட்டில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். நான் சிரித்தேன். ஆனால் மழை நாளில் அந்த வண்டியின் பின்பக்கம் வயல் வாசம் வரும். புதிதாக நடவு நட்ட வயலில் வருமே, அந்தச் சேற்று வாசம். நான்கு தரம் கார்பெட் மாற்றினேன், போகவில்லை. அப்படித்தான் புது வண்டி வந்தது. இதுதான் ‘எதுக்கு ரெண்டு’ என்ற கேள்விக்கு உண்மையான பதில்.

புது வண்டியில் ஒரு வசதி இருக்கிறது. சீட்டில் யாராவது உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் திரையில் சிவப்பாக ஒரு ஆள் படம் வரும், கீங் கீங் என்று கத்தும். வாங்கிய மூன்றாம் மாதத்திலிருந்து மூன்றாவது வரிசை இடப்பக்க சீட்டில் ஆள் இருப்பதாக அது காட்ட ஆரம்பித்தது. நான் மட்டும்தான் வண்டியில் இருப்பேன். சர்வீஸில் சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் சும்மா இருந்தது. திரும்பவும் வந்தது. கடைசியில் அந்தக் காலி சீட்டுக்குப் பெல்ட்டை நானே இழுத்து மாட்டிவிட்டு ஓட்டினேன். வண்டி அமைதியானது, நான் ஆகவில்லை.

பழைய வண்டியை விற்றவருக்கு டவுன்ஷிப் பூங்காவில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்திருந்தது. தினமும் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் பிளாக் வழியாகத்தான் போவார். பழைய வண்டியின் பின்பக்கம் ஒரு நிமிஷம் நிற்பார். இடப்பக்கக் கண்ணாடியில் கையை வைப்பார். போய்விடுவார். பாவம், ஆசையாக வாங்கிய வண்டி, விட்டுக்கொடுத்த ஏக்கம் என்று நினைத்தேன். நிற்கும்போது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அது என் மண்டையில் ஏறவில்லை.

இந்த வருடம் ரிட்டயர் ஆனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருச்சியில் வாங்கிய பிளாட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். யோசிக்கவே இல்லை. பழையதை விற்பது என்று முடிவாகி, வடலூரில் டிராவல்ஸ் நடத்துகிற ஒருவரிடம் பேசிவிட்டேன். அவர் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள்தான் ஆடி வெள்ளி, ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாவது வரன் வந்திருந்தது. அன்றைக்குப் பூக் கேட்கப் போகிறார்கள் என்று அழைப்பு கொண்டுவந்தபோதே அவர் மனைவி சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு பழைய வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக இடப்பக்க பெஞ்சை மொத்தமாகக் கழற்றினேன். தண்டவாளத்துக்குக் கீழே, போல்ட் சந்துகளில், தண்ணீர் நுழையாத மடிப்புகளில் ஏதோ படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு சந்தையும் கூட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் எடுத்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடி தேறவில்லை. கறுப்பாகக் கொஞ்சம், சாம்பல் கொஞ்சம், பேத்தி தின்ற பிஸ்கட் தூள், மனைவியின் ஹேர்பின், நாலைந்து நெல். இதில் எது அவள், எது எங்கள் குப்பை என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். கவரைப் பார்த்தாள். “நாளைக்குச் சொல்லிடுங்க” என்றாள். ஆறு வருடத்தில் அந்தப் பொய்யைப் பற்றி அவள் பேசியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பழைய வண்டியிலேயே போனேன். கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். கூழ் கொதித்துக்கொண்டிருந்தது, கூட்டம் அந்தப் பக்கம் இருந்தது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு வண்டிக்குப் பின்னால் கொண்டுபோனேன். வாட்டர் வாஷிலிருந்து மஞ்சள் துணியைத் தேய்த்தது வரை சொன்னேன்.

அவர் வண்டிக் கண்ணாடியில் கையை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“தெரியும் சார்.”

“எப்ப?”

“அன்னிக்கே. எங்க மண்ணு களி சார். புடிச்சா நிக்கும். நீங்க குடுத்தது மணலு. புடிக்கப் புடிக்க வுழுந்துச்சி.”

“அப்பவே கேட்டிருக்கலாமே அண்ணே. ஏன் வச்சீங்க?”

“ஊரே நின்னுகினு இருந்துச்சி. அத்தினி பேரும் மண்ண வுட்டுட்டு வந்தவங்க. ஆத்தாளும் இல்லன்னு எப்படி சார் சொல்றது?” அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “அங்க அவ வரல. அப்ப எங்க இருப்பா? இந்த வண்டிலதான இருக்கணும். அதான் டெய்லி வந்து சொல்லிட்டுப் போவேன். கொஞ்சம் பொறுத்துக்கம்மான்னு.”

எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. “அப்ப பூ?”

அவர் கையை எடுத்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான்தான் ஒட்டுறது. தண்ணி தொட்டு ஒட்டணும். நான் சந்தனத்தக் கெட்டியா கொழைச்சி ஒட்டிடுவேன். வுழாது. அவ இல்லாத கல்லுகிட்ட கேட்டு எம் பொண்ண எப்படி சார் குடுப்பேன்?”

நான்கு வரன்கள். ஆறு வருடங்கள். நான் வண்டியின் பின்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவர் சொந்த மகளின் கல்யாணத்தை வருடா வருடம் சந்தனத்தால் ஒட்டி நிறுத்தியிருக்கிறார். வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் அப்போது கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் சொம்பில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கவரை நீட்டினேன். அவர் பிரித்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தார். ஹேர்பின்னை எடுத்து என்னிடம் கொடுத்தார். நெல்லை விரலால் தள்ளிப் பார்த்தார். “இது எங்களுது. வெத நெல்லு ஏத்தினேன் ஒருவாட்டி” என்றார். மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தார். அது அவர்கள் மண்தானா என்று அவராலும் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

“இதுல பிஸ்கட்டெல்லாம் கெடக்கு அண்ணே” என்றேன்.

“இருக்கட்டும். எது அவ, எது பிஸ்கட்டுன்னு அவளுக்குத் தெரியும்.”

கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். கல்லடியைச் சுத்தம் செய்வது போலக் குனிந்து, ஒரு கையால் குழி தோண்டினார், மறு கையால் கவரை உதறினார், மூடினார். யாரும் கவனிக்கவில்லை. பிறகு சொம்புத் தண்ணீரில் இரண்டு செவ்வரளிப் பூவை நனைத்தார். சந்தனக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் தொடவில்லை.

பூவை ஒட்டிவிட்டுக் கைகட்டி நின்றார். மேளம் நின்றது. நான் இதுவரை எந்த மெஷின் முன்னாலும் அப்படி நின்றதில்லை. தகரக் கூரை வெயிலில் படபடவென்று விரிந்தது. காற்று கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வலப்பக்கத்துப் பூ கொஞ்சம் சரிந்தது, நின்றது, விழுந்தது.

அவர் மனைவி போட்ட சத்தத்தில் கூழ் வாங்க நின்றவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். அந்தப் பெண் சொம்போடு நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் பூவைப் பார்க்கவில்லை. கொட்டகைக்கு வெளியே நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்புத் துண்டு வந்தது. “மொத மருவாதி சாருக்கு” என்றாள் அவர் மனைவி. நான் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்து, துண்டை என் தலையில் கட்டினார். இந்தத் தடவை கை நடுங்கவில்லை. முடிச்சுப் போடும்போது காதோரம் மெதுவாகக் கேட்டார்.

“வண்டிய குடுக்கப் போறீங்களாமே.”

“ஆமா அண்ணே. நாளைக்கு.”

“அலசாத குடுங்க சார்.”

மறுநாள் காலையில் டிராவல்ஸ்காரர் டிரைவரோடு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பின்கதவைத் திறந்து, கழற்றி மாட்டிய பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். விரலில் ஒட்டிய தூசியை டிரைவரிடம் காட்டினார். “நேரா வாட்டர் வாஷுக்கு விட்டுடு. உள்ள வெளிய எல்லாம் அடிச்சு எடுத்துடு” என்றார்.

சாவி என் கையில் இருந்தது. கறுப்புத் தண்ணீர் சிமென்ட் தரையில் ஓடியது எனக்குத் தெரிந்தது.

“இது இல்லைங்க” என்றேன். “அதை எடுத்துக்கங்க.”

அவர் கருநீல வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரிட்டயர் ஆனதும் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் திரும்பிப் பார்த்தேன், என் மனைவி என்ன சொல்வாளோ என்று. அவள் உள்ளே போய், புது வண்டியின் இரண்டாவது சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்தேன். பின்னால் இடப்பக்க சீட்டில் ஆள் இருப்பதாக லைட் எரிகிறதா என்று கேட்டேன். அப்படி ஒரு தடவைகூட எரியவில்லையே சார் என்றார்.

தை மாதம் கல்யாணம். பத்திரிகை வைக்க அவரும் அவர் மனைவியும் திருச்சிக்கே வந்தார்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் அவர் பத்திரிகையைப் பழைய வண்டியின் பின் பெஞ்சில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்த பிறகுதான் என் கையில் கொடுத்தார். அவர் மனைவி ஏன் என்று கேட்டாள். “ராசியான வண்டி” என்றார்.

பிளாட் சங்கத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டார்கள், தங்கள் வாகனத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் என்று. பக்கத்துப் பிளாட்டில் ஒருவர் பெரிய வண்டி வாங்கப் போகிறாராம். இரண்டையும் வைத்திருந்தவர் நீங்கள், எது சார் நல்ல வண்டி என்று நேற்றுக் கேட்டார். புதியதுதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றேன். அவர் போன பிறகு கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பழையதில் ஏறினேன்.